சைக்கிள் டிக்கெட்டா, வண்டி டிக்கெட்டா?

அந்தமானில், சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரியின் பலகை இறங்கியதும் முதலில் பைக்குகள் உறுமிக்கொண்டு வெளியேறும். பின்னாலேயே ஆட்டோக்கள், ஜீப்புகள். சைக்கிள்காரர்கள் கடைசியில்தான். அந்த வெள்ளிக்கிழமை காலை நான் யாரோடு இறங்குவது என்று வழக்கம்போலக் குழம்பி, பைக்குகளுக்கும் நடந்துபோகிறவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி மேலே வந்தேன்.

ஒரு கை வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தது. காக்கிச் சட்டைக் கை.

“தீதி, யே க்யா ஹை?”

அக்கா, இது என்ன என்று கேட்கிறார். அவர் கண் என் பின்சக்கரத்தில் இருந்தது. சக்கரத்தின் நடுவில், சின்னக் குக்கர் மூடி அளவுக்கு, கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் புறப்பட்டு கேரியரில் இருந்த பேட்டரிப் பெட்டிக்குப் போனது.

“மோட்டார்” என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் நேரத்துக்கு வராது.

“டிக்கெட்?”

கொடுத்தேன். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். “யே தோ டூ வீலர் கா டிக்கெட் ஹை.”

“ஹாங் ஜி.”

“தோ காகஸ் திகாவோ.”

டூ வீலர் என்றால் அதற்குரிய காகிதங்களைக் காட்டு என்கிறார். நியாயம்தானே? நம்பர் பிளேட் இல்லை. ஆர்.சி. இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லை. லைசென்ஸ் எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் கிடையாது. என்னிடம் இருந்தது அந்த டிக்கெட் ஒன்றுதான். அதையும் யாரும் என்னை வாங்கச் சொல்லவில்லை. ஏழு மாதமாக நானே கேட்டுக் கேட்டு வாங்கியது.

அவர் சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டு ஒன்றை எடுத்து என் பெயர், வேலை பார்க்கும் இடம், அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் வீட்டு விலாசம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை காலை சைக்கிளோடு டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு வந்து இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.



முட்டி தேய்ந்த கதை

இந்த இதழில் வரும் என் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அப்போது போர்ட் பிளேரில் ஒரு அரசு அலுவலகத்தில் தினக்கூலி ஊழியை. (ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள். என் வாய் இன்னும் மாறவில்லை.) பதினெட்டு வருஷம் தினக்கூலி. வேலை, தபால் கொண்டுபோவது. எங்கள் ஆபீஸிலிருந்து மற்ற ஆபீஸ்களுக்குப் போகும் உறைகளைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, தபால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவர வேண்டும்.

போர்ட் பிளேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே சமதளம் என்று இருப்பது கடல் மட்டும்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். பதினெட்டு வருஷம் ஏறி மிதித்ததில் வலது முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சைக்கிளை விட்டுடுங்க” என்றார். சைக்கிளை விட்டால் வேலையையும் விட வேண்டும் என்பது எக்ஸ்ரேயில் தெரியவில்லை போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் முருகேசன் பாம்பூஃப்ளாட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பேச்சு குறைவு. நான் வலியில் முனகுவதை ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரு பெட்டி வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குள் யாரையும் விடவில்லை. மூன்றாவது ஞாயிறு என் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

“ஏறு. வலது கைப்பிடியை மெதுவா முறுக்கு.”

முறுக்கினேன். சைக்கிள் தானாக நகர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவின் சேவல்

மறுநாள் காலை பாம்பூஃப்ளாட் ஜெட்டி கவுன்டரில் என் குழப்பம் தொடங்கியது. தீவில் டிக்கெட் இல்லாமல் ஒரு பொருளும் நகராது. ஆளுக்கு ஒரு டிக்கெட், சைக்கிளுக்கு ஒன்று, பைக்குக்கு ஒன்று. மோட்டார் வைத்த சைக்கிளுக்கு?

கவுன்டர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “சைக்கிள்தானேம்மா” என்று சைக்கிள் டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

“இல்லைங்க, மோட்டார் இருக்கு. வண்டி டிக்கெட்டே குடுங்க.”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அன்று முதல் அதுதான் நடந்தது.

இந்தப் புத்தி எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. நாங்கள் வடக்கே மாயாபந்தரில் இருந்த காலம். அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போர்ட் பிளேர் போகும்போது அப்பா ஒரு சேவலைக் கட்டைப்பையில் போட்டு, மேலே என் பாவாடையை மூடி, டிக்கெட் இல்லாமல் கப்பலில் ஏற்றிவிட்டார். ஏற்றிய நிமிடத்திலிருந்து மனிதருக்கு உட்கார முடியவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது. சேவலோ ஒரு சத்தம் கூடப் போடவில்லை, சாது. டிக்கெட் பார்ப்பவர் எங்களைத் தாண்டிப் போனதும் அப்பாவே எழுந்து நின்று, “சாப், மேரே பாஸ் ஏக் முர்கா ஹை”, என்னிடம் ஒரு சேவல் இருக்கிறது, என்று சொல்லிவிட்டார். கப்பலே சிரித்தது. அம்மா அந்தப் பயணம் முழுக்க அவரோடு பேசவில்லை.

மாட்டிக்கொள்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று அப்பா நம்பினார். நானும் நம்பினேன். ஏழு மாதம் காசு கொடுத்து, என் சைக்கிள் சைக்கிள் இல்லை என்று நானே என் கையால் சாட்சி வாங்கிச் சேர்த்திருக்கிறேன்.

பையில் ஏறிய உறை

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஜெட்டியிலிருந்து நேராக ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். தபால் பிரிக்கும் மேசையில் பஷீர் பாய் உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைப்போலத் தினக்கூலிதான், ஆனால் எனக்கும் முன்னால் சேர்ந்தவர். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம். அறுபது நிறைய அவருக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

ஒரு பழுப்பு உறையை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். அரக்கு வைத்து மூடியிருந்தது.

“தனம்மா, இது சாதாரணத் தபால் இல்லை. நம்ம ஏழு பேரு தலையெழுத்து இதுக்குள்ளதான் இருக்கு. பர்மனென்ட் பண்றதுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன். போலீஸ் ஆபீஸ்ல இன்னைக்கே குடுத்துடுமா.”

“இன்னைக்கேவா பாய்?”

“பின்னே? நாலு மாசத்துல நான் வீட்டுக்குப் போறேன். போறப்ப தினக்கூலியா போனா வெறுங்கை. பர்மனென்டா போனா கிழவிக்கும் எனக்கும் கஞ்சிக்கு வழி. பஸ், இத்னா ஹீ.” அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

நான் உறையைப் பையில் வைத்தேன். புத்தகத்தில் எழுதி, எடுத்துக்கொண்டதற்கு என் கையெழுத்தும் போட்டேன்.

மற்ற தபால்களையெல்லாம் கொடுத்து முடித்தேன். போலீஸ் ஆபீஸ் ஏற்றத்தின் அடிக்கு வந்ததும் சைக்கிள் நின்றுவிட்டது. மோட்டார் நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன்.

யோசனை இப்படி ஓடியது. அந்த உறைக்குள் என் பெயர் இருக்கிறது, என்மேல் ஏதாவது கேஸ் உண்டா என்ற கேள்வியோடு. அந்த போலீஸ்காரரின் குட்டி நோட்டிலும் என் பெயர் இருக்கிறது. சாயங்காலம் அந்த நோட்டு இதே கட்டிடத்துக்குத்தான் வரும். உறையும் நோட்டும் ஒரே மேசையில் சந்தித்தால்? லைசென்ஸ் இல்லாமல், பதிவு இல்லாத மோட்டார் வண்டி ஓட்டினாள் என்று எழுதிவிட்டால்? பதினெட்டு வருஷம் போச்சு.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டு, கேஸ் இல்லை என்று தெரிந்ததும் கொடுத்துவிடலாம். நடுவில் இருப்பது சனியும் ஞாயிறும்தானே. லீவு நாளில் யார் உறையைப் பிரிக்கப்போகிறார்கள்?

பதினெட்டு வருஷத்தில் ஒரு தபாலையும் நான் ராத்தங்க வைத்ததில்லை. அன்று அந்த உறையோடு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளை ஒயர்

உறையை அரிசி டிரம்முக்குள் வைத்தேன். பிறகு எலி வந்துவிட்டால் என்று பயந்து பீரோவுக்கு மாற்றினேன். சனிக்கிழமை காலை இரண்டு தடவை பீரோவைத் திறந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது முருகேசன் வந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன், உறையைத் தவிர. பீரோவில் ஏன் நின்றேன் என்று அவரும் கேட்கவில்லை.

“டென்ஷன் எதுக்கு? சின்ன மோட்டார். இருநூத்தம்பது வாட்டுதான். மெதுவா போற மோட்டாருக்கு லைசென்ஸ் வேண்டாம்னு பெட்டியிலேயே போட்டிருக்கு.”

“மெதுவான்னா எவ்வளவு?”

“இருபத்தஞ்சு கிலோமீட்டர்.”

நான் அவரைப் பார்த்தேன். ஃபெர்ரியைப் பிடிக்க அவசரமாகப் போகும் காலைகளில் நான் ஆட்டோவை முந்தியிருக்கிறேன். முகத்தில் காற்று அடித்துப் பொட்டு பறந்திருக்கிறது.

“ஏங்க. நம்மது இருபத்தஞ்சுதான் போகுதா?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஒரு வெள்ளை ஒயர் இருந்துச்சு. அதுதான் வேகத்தைப் பிடிச்சு வைக்கும். நீ ஃபெர்ரியை விட்டுட்டு அடுத்ததுக்கு நிக்கிறியேன்னு அதைக் கழட்டி விட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.”

“சொன்னா நீ ஜெட்டி கவுன்டர்ல போய்ச் சொல்லிடுவே.”

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் பயம்தான் நின்றது. ஒயரைத் திரும்ப மாட்டினால் போதும் என்றார். எனக்குப் போதாது. மோட்டாரையே கழற்றுங்கள் என்றேன். அவர் வாக்குவாதம் பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை வாசலில் உட்கார்ந்து, தான் பூட்டிய ஒவ்வொரு நட்டையும் தானே கழற்றினார். பழைய சக்கரத்தை மாட்டினார். கழற்றிய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கித் திருகி அலமாரியில் வைத்தார். அன்று ராத்திரி என் முட்டிக்குத் தைலத்தை அவரே தேய்த்துவிட்டார்.

சைக்கிளுக்கும் கப்பல் டிக்கெட்

திங்கட்கிழமை சைக்கிள் டிக்கெட் வாங்கினேன். கவுன்டர்காரர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்து, “அரே, க்யா ஹோ கயா?”, என்ன ஆயிற்று, என்று துக்கம் விசாரித்தார்.

சாத்தமிலிருந்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வரைக்கும் பாதி மிதித்து, பாதி தள்ளி, போய்ச் சேர்ந்தபோது முட்டி கொதித்தது. இன்ஸ்பெக்டர் தமிழர். பக்கத்தில் அந்த போலீஸ்காரரும் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் என் சைக்கிளைச் சுற்றி வந்தார்கள்.

“மோட்டார் எங்கம்மா?”

“கழட்டியாச்சு சார்.”

“அட! அதைப் பார்க்கத்தானே வரச் சொன்னது.”

நான் கையைப் பிசைந்துகொண்டு கேட்டேன். “சார், நான் ஓட்டினது தப்பா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்படி வெச்சுக்குங்க. இருநூத்தம்பது வாட்டுக்குள்ள, இருபத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ள, எடை அளவோட இருந்தா, அது மோட்டார் வண்டி இல்லை. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம். அதுக்கு மேல போச்சுன்னா வண்டி. ஆனா அளவோட இருக்குன்னு யார் சொல்றது? டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் இருக்கணும். கம்பெனியில செஞ்சு வர்றதுக்கு இருக்கு. வீட்ல மாட்டினதுக்கு ஏது?”

“இங்க டெஸ்ட் பண்ண முடியாதா சார்?”

“இங்க ஏது ஆள்? மெயின்லேண்டுக்குத்தான் கப்பல்ல அனுப்பணும்.”

“ஒரு சைக்கிளையா?”

“அது சைக்கிள்தானான்னு தெரிஞ்சுக்கத்தானம்மா அனுப்பறது.”

போலீஸ்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “சாப், மேரா நாம் லிக்கா தா நா... கேஸ்?” என் பெயரை எழுதினீர்களே, கேஸா என்று இழுத்தேன்.

அவர் நோட்டை எடுத்துக் காட்டினார். என் பெயர், விலாசம், அதற்குக் கீழே இந்தியில் ஒரே வரி. மோட்டார் வைத்த சைக்கிள் பற்றி இன்ஸ்பெக்டர் சாபிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

“கேஸ்? கைசா கேஸ், தீதி? ரூல் முஜே பீ நஹீ மாலூம் தா.”

கேஸாவது ஒன்றாவது, சட்டம் எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் வரச் சொன்னேன் என்கிறார். கேட்டதை எழுதி முடித்து, எனக்கு ஒரு டீ சொன்னார். நான் டீயைக் குடிக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஆபீஸ் ஏற்றத்தில் மிதித்தேன்.

கவுன்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்தாள். “இது இப்பத்தான் வருதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வந்ததையெல்லாம் சேர்த்து சனிக்கிழமையே ஸ்டேஷன்களுக்கு அனுப்பியாச்சே. உங்க ஆபீஸ் மட்டும்தான் வரலை.”

“இதையும் அதுலேயே சேர்க்க முடியாதாம்மா?”

“அடுத்த லாட்லதான் போகும்.” என் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியும் போட்டாள். திங்கட்கிழமைத் தேதி.

வெள்ளிக்கிழமைத் தபால்

சனிக்கிழமை போன ஆபீஸ்காரர்களுக்கு மூன்று மாதத்தில் ஆர்டர் வந்துவிட்டது; அடுத்த லாட் நகர்ந்து எங்களுக்கு வர ஆறு மாதம் ஆனது. எங்கள் ஆபீஸில் எல்லோரும் போலீஸைத் திட்டினார்கள். ஒருவரும் என் தபால் புத்தகத்தைத் திறந்து தேதி பார்க்கவில்லை. நானும் திறந்து காட்டவில்லை. கேட்காமலேயே சேவலைக் காட்டிக்கொடுத்த மனிதரின் மகள், ஒரு வார்த்தை பேசவில்லை.

பர்மனென்ட் ஆர்டர் வந்தபோது ஆறு பெயர்தான் இருந்தது. ஏழாவது ஆள் அறுபது நிறைந்து, ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார். தினக்கூலியாகவே போனார்.

இப்போது நான் ஓட்டுவது கம்பெனியிலேயே மோட்டார் வைத்து வந்த சைக்கிள். பர்மனென்ட் சம்பளத்தில் வாங்கியது. சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். போகிறவர் வருகிறவரெல்லாம் கேலி பண்ணுகிறார்கள். பழைய மோட்டார் முருகேசனின் பட்டறையில் சாணைக்கல்லைச் சுழற்றுகிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த உறை ஞாபகம் வரும்.

பஷீர் பாய் போர்ட் பிளேரிலேயே லம்பா லைனில் மருமகனின் டீக்கடையில் டீ ஆற்றுகிறார், இந்த வயதில். நான் அந்தப் பக்கம் போனால் சும்மா விடமாட்டார். “தனம்மா, பளபளன்னு வண்டி! வா, இஞ்சி டீ குடிச்சுட்டுப் போ” என்பார். காசு வாங்க மாட்டார். போன மாதம்கூட, “எல்லாம் அந்த போலீஸ்காரனுங்க பண்ணின வேலைம்மா, இல்லாட்டி நானும் பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருப்பேன்” என்றார். நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். நாக்கு பொசுங்கியது.

அவர் இந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறார். மாயாபந்தர் அத்தியாயத்தைக் கடையில் சத்தமாக வாசித்துக் காட்டினாராம். இந்த வாரப் பகுதியை அவர் கடையில் தானாகப் பிரித்துப் படிக்க நான் விடமாட்டேன்.

எங்கள் தீவுக்கு இதழ் வந்து சேர்வது வெள்ளிக்கிழமை. கட்டு பிரித்ததும் முதல் பிரதியை வாங்கி, பையில் வைத்து, நானே அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். படித்து முடிக்கும் வரைக்கும் எதிரில் நிற்பேன். அதற்குப் பிறகு அவர் டீ தருவாரா என்று தெரியாது. சாத்தமில் அந்தக் காக்கிக் கை ஹேண்டில்பாரைப் பிடித்தபோது வந்த பயத்தைவிட இது பெரிய பயம்.

ஆனாலும் இந்தத் தபால் ராத்தங்காது. வெள்ளிக்கிழமை எடுத்ததை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுவேன்.